வரிசை விதியல்ல, கணக்கு!

கடலிலே கப்பல் காத்து நிற்கிறது. கரையிலே லாரி காத்து நிற்கிறது. கடை வாசலிலே குடும்ப அட்டையோடு தாய் காத்து நிற்கிறாள். தூத்துக்குடித் தோழர்களுக்குக் காத்திருப்பது புதுமையா? காத்துக் காத்தே காலில் வேர் விட்டவர்கள் அல்லவா நாம்!

ஆனால் இன்று புதிதாக ஒரு வரிசை முளைத்திருக்கிறது. இந்த வரிசையின் நீளம் தெரியாது. முன்னால் நிற்பவர் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. 'நகரய்யா முன்னே' என்று குரல் கொடுக்கலாம் என்றால், கேட்பதற்கு ஆள் இல்லை. கைபேசித் திரையின் நடுவே ஒரு சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த வட்டம்தான் வரிசை. அதிலே நிற்பது நம் வீட்டுப் பிள்ளை!

துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தோழர் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். அவருடைய மகளுக்கு இணைய வழியில் ஒரு தேர்வு. காலை 10 மணிக்குத் தொடக்கம், 11 மணிக்கு முடிவு. அந்தப் பெண் ஒன்பதே முக்காலுக்கே கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டது. 10 மணி ஆயிற்று, வட்டம் சுற்றியது. 10 நிமிடம் ஆயிற்று, வட்டம் சுற்றியது. கதவு திறந்தபோது மணி 10.20. ஆனால் 11 மணிக்குத் தேர்வு மட்டும் தவறாமல் முடிந்துவிட்டது! 60 நிமிடத்தில் 20 நிமிடம் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு படிப்பை வட்டம் விழுங்கிவிட்டது.

"கூட்டம் ஜாஸ்தியாம் அண்ணாச்சி. சர்வரு பிஸியாம். எங்க நேரம் அப்படி. என்னத்தச் செய்ய?" என்றார் தோழர்.

'எங்க நேரம்!' அந்தச் சொல்தான் நம்மைச் சுட்டது. கூலி குறைந்தால் நேரம், குடிசை எரிந்தால் நேரம், பிள்ளைக்குப் பேய்க்காய்ச்சல் வந்தால் நேரம் என்று சொல்லி வளர்ந்த கூட்டத்துக்கு, 'அது நேரமல்ல, நேர்மையற்ற ஏற்பாடு' என்று சொல்லிக்கொடுக்கத் தலைமுறை ஒன்று தேவைப்பட்டது. இன்று அதே பழைய விதி, புதிய சட்டை போட்டுக்கொண்டு, கணினிக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறதா? அதை வெளியே இழுத்துப்போட வேண்டாமா?

நாம் கல்லூரிப் படிகளை மிதித்தவர்கள் அல்லர். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். ஆனால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரியும். இந்தச் செய்திக்கு அது போதும். நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உடன் வரட்டும்.

முதலில், சர்வர் என்றால் யார்? நமக்குத் தெரிந்த சர்வர், ஓட்டலிலே இட்லி கொண்டுவந்து வைப்பவர். கணினி சர்வரும் அதே வேலைக்காரர்தான். 'பாடம் கொடு' என்று ஒரு கைபேசி கேட்கிறது, எடுத்துக் கொடுக்கிறார். 'விடைத்தாளை வாங்கிக்கொள்' என்று இன்னொன்று கேட்கிறது, வாங்கி வைக்கிறார். எங்கேயோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில் இருக்கும் இயந்திரம் அது. அதற்கும் ஓட்டல் சர்வரைப்போலவே கைகள் இத்தனை என்று கணக்கு உண்டு. ஒரு கேட்பை முடிக்க இத்தனை நேரம் என்று அளவு உண்டு. மந்திரம் ஒன்றும் இல்லை, தோழர்களே! வருகிற கூட்டம் எவ்வளவு, கொடுக்கிற கை எவ்வளவு, கொடுக்க ஆகும் நேரம் எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால், காத்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சொன்னவர் யார்? டென்மார்க் நாட்டுக்காரர், ஏ.கே. எர்லாங் என்பவர். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணிபுரிந்தவர். அந்தக் காலத்துத் தொலைபேசியில், இணைப்புக் கொடுக்கப் பெண்கள் பலகை முன்னே உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை பேர் அழைப்பார்கள், எத்தனை கம்பி வேண்டும், எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்பதற்கு 1909ஆம் ஆண்டில் அவர் ஒரு கணக்கு எழுதினார். 1917இல் அதை மேலும் விரித்து வாய்பாடு தந்தார். அதுதான் வரிசைக் கோட்பாடு என்று இன்று உலகம் படிக்கிற கணக்கின் பிள்ளைப் பருவம். 100 ஆண்டு கடந்த கணக்கு! கணினி பிறக்கும் முன்பே பிறந்த கணக்கு! அதைத் தெரியாது என்று கணினிக்காரர் எவரும் சொல்ல முடியாது.

டென்மார்க் வரை போவானேன்? நம் துறைமுகத்துக்கே வாருங்கள்.

பழைய தூத்துக்குடித் துறையில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரையை அண்ட முடியாமல் கடலுக்குள்ளே தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அது கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. இப்போது கப்பல் பெர்த்துக்கே வந்து அணைகிறது. ஆனாலும் பெர்த் காலி இல்லை என்றால், கப்பல் வெளியே நின்றுதான் ஆக வேண்டும். நிற்கிற ஒவ்வொரு நாளும் கப்பல்காரனுக்குச் செலவு. அதனால் துறைமுகம் கட்டுகிறவர்கள் காத்திருப்பைக் கணக்குப் போட்டே கட்டுகிறார்கள்.

ஐக்கிய நாடுகளின் வாணிப வளர்ச்சி அமைப்பு, அங்க்டாட் என்று சுருக்கமாகச் சொல்வது, வளரும் நாடுகளின் துறைமுகத் திட்டக்காரர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. 1985இல் அதற்கு இரண்டாம் பதிப்பு வந்தது. அதிலே என்ன சொல்லியிருக்கிறார்கள்? ஒரே ஒரு பெர்த் இருந்தால், அது மொத்த நேரத்தில் 100க்கு 40 பங்குக்கு மேல் நிரம்பியிருக்கும்படி திட்டமிடாதே. இரண்டு பெர்த் என்றால் 50 பங்கு. நான்கு என்றால் 60. ஆறு முதல் பத்து வரை இருந்தால் 70 பங்கு வரை போகலாம். அதற்கு மேல் நெருக்கினால், கடலில் நிற்கும் கப்பல்களின் வரிசை நீளும் என்கிறது கையேடு.

எண்ணிப் பாருங்கள்! ஒற்றைப் பெர்த், பாதி நேரத்துக்கும் மேலே சும்மா இருக்க வேண்டுமாம். 'சும்மா கிடக்கிறதே, வீண் அல்லவா?' என்று கேட்பான் கணக்கறியாத முதலாளி. 'வீண் அல்ல, மூச்சு' என்று பதில் சொல்கிறது கணக்கு.

மூச்சு என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முத்துக்குளித்த மண் இது. இந்தக் கரையில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. அதுவே கடைசித் தொடர். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடிக்குப் போனவர்கள் எப்படி வேலை செய்தார்கள்? ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் மூழ்குவார், மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். பிறகு முறை மாறும். 'மேலே இருப்பவன் சும்மா இருக்கிறான். அவனையும் சேர்த்துக் கீழே அனுப்பு' என்று எந்தச் சம்மாட்டியாவது சொன்னதுண்டா? சொன்னால் முத்து வராது, பிணம்தான் வரும். ஓய்வும் வேலையின் ஒரு பகுதி என்பது முத்துக்குளித்த பரதவர் அறிந்த பாடம். சர்வர் வைத்திருப்போர் இதை அறிய வேண்டாமா?

இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு சர்வர், ஒரே ஒரு கை. 10 நொடியில் சராசரியாக 100 பேருக்குப் பாடம் கொடுக்க வல்லது. அதாவது, ஒருவருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. கணக்கு மிக எளிது. ஒரு நொடியில் முடிக்க வல்ல எண்ணிக்கையிலிருந்து, ஒரு நொடியில் வந்துசேரும் எண்ணிக்கையைக் கழியுங்கள். மிஞ்சியதைக் கொண்டு ஒன்றை வகுங்கள். வருவோர் தத்தம் போக்கில் முன்பின்னாக வந்தால், ஒருவர் சராசரியாக உள்ளே செலவிடும் நேரம் அதுதான்.

10 நொடியில் 50 பேர் வந்தால்? பத்திலே ஐந்து போக மீதி ஐந்து. ஒன்றை ஐந்தால் வகுத்தால் 0.2 நொடி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 80 பேர் வந்தால் அரை நொடி. 90 பேர் வந்தால் ஒரு நொடி. 95 பேர் வந்தால் 2 நொடி. 99 பேர் வந்தால்? 10 நொடி!

90 பேரிலிருந்து 99 பேர். கூடியது பத்தில் ஒரு பங்கு கூட்டம். காத்திருப்போ பத்து மடங்கு! இதுதான் இந்தக் கணக்கின் நஞ்சு. கூட்டம் ஒரு படி ஏறினால், காத்திருப்பு ஒரு படி ஏறுவதில்லை. மாடிமேல் மாடி தாவுகிறது. 'நேற்றுவரை நன்றாகத்தானே ஓடிற்று. இன்று கொஞ்சம்தானே கூட்டம் கூடிற்று. ஏன் குப்புற விழுந்தது?' என்று வியக்கிறார்கள். வியப்புக்கு இடமே இல்லை. நேற்றே அது விளிம்பில்தான் நின்றது.

100 பேரையும் தாண்டி 110 பேர் வந்தால் என்ன ஆகும்? அங்கே சராசரி என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு 10 நொடிக்கும் 10 பேர் மிஞ்சுவார்கள். 10 நிமிடத்தில் 600 பேர் வரிசையில் தேங்குவார்கள். இதற்குள் பொறுமை இழந்த பிள்ளை என்ன செய்யும்? மறுபடி அழுத்தும். மறுபடியும் அழுத்தும். ஒவ்வோர் அழுத்தலும் சர்வருக்கு ஒரு புதிய ஆள்! ஒரு பிள்ளை ஐந்து முறை அழுத்தினால் வரிசையில் ஐந்து பிள்ளைகள். 'மீண்டும் முயல்க' என்று திரையிலே எழுதிக் காட்டுகிறார்களே, அது எரிகிற வைக்கோற்போரை ஊதிவிடுகிற வேலை.

இது வருவோர் தத்தம் போக்கில் வருகிறபோது உள்ள நிலை. பள்ளிக்கூடத்திலே அப்படியா? மணி அடிக்கிறதே!

இங்கேயும் முத்துக்குளித்த கதையே துணைக்கு வருகிறது. சலாபப் படகுகள் இரவிலே கரைக்காற்றைப் பிடித்துப் புறப்படும். பொழுது விடிந்து முத்துப்பாரில் வேலை நடக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும், படகுகள் எல்லாம் ஒரே வீச்சில் கரை திரும்பும். காலை முழுதும் கரை வெறிச்சோடிக் கிடக்கும். மாலையில் மூச்சுவிட இடம் இராது. 'நாளுக்கு இத்தனை படகு. நாளுக்கு 12 மணி நேரம். ஆகவே மணிக்கு இத்தனை படகுதான்' என்று சராசரி போட்டு, அதற்கேற்பச் சிப்பி எண்ண ஆள் வைத்தால் எவ்வளவு மடமையோ, அவ்வளவு மடமை தேர்வு நாளில் சராசரி பார்ப்பது.

அதையும் எண்ணில் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு 60,000 மாணவர்கள். ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்து வினாத்தாளைத் திறக்க 10 கேட்புகள். கேட்பு ஒன்றுக்குப் பத்தில் ஒரு நொடி வேலை. ஆக, மாணவர் ஒருவருக்கு ஒரு கை ஒரு நொடி உழைக்க வேண்டும்.

சராசரிக்காரர் வருகிறார். 'நாளுக்கு 10 மணி நேரம், அதாவது 36,000 நொடி. 60,000 பேரை அதில் பரப்பினால் நொடிக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆகவே 2 கை போதும்' என்கிறார். தாளில் பார்த்தால் தப்பே இல்லை!

மணி அடித்தது. 60,000 பேரும் 5 நிமிடத்துக்குள், 300 நொடிக்குள், கதவைத் தட்டுகிறார்கள். நொடிக்கு 200 பேர். ஒரே நேரத்தில் 200 கைகள் ஓயாமல் உழைக்க வேண்டும். துறைமுகக் கணக்குப்படி 100க்கு 70 பங்குதான் நிரம்பலாம் என்று வைத்தால், 286 கைகள் வேண்டும். பெருங்கூட்டமாகக் கைகள் இருக்கும்போது இன்னும் சற்று நெருக்கிப் பிடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் இயந்திரம் ஒன்று பழுதானால் தாங்க வேண்டுமே! ஆகவே 286 என்றே கொள்வோம்.

சராசரிக்காரர் சொன்னது 2. வேண்டியது 286. அந்த 2 கையை வைத்துக்கொண்டு கடையைத் திறந்தால், முதல் 5 நிமிடத்தில் உள்ளே போகிறவர்கள் 600 பேர். நூற்றுக்கு ஒருவர்! மீதி 99 பிள்ளைகளுக்கும் வட்டம் சுற்றும். அந்த 99 வீட்டிலும் 'எங்க நேரம்' என்பார்கள். நேரமா அது? வகுத்தல் தெரியாதவன் செய்த வஞ்சம் அல்லவா?

'286 கைகளுக்குப் பணம் எங்கே? ஒரு நாள் தேர்வுக்கு ஆண்டு முழுதும் இயந்திரம் வாங்கி வைப்பதா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழை நாட்டில் பணத்தை எண்ணித்தான் செலவிட வேண்டும். அதற்கும் கணக்கே விடை சொல்கிறது.

5 நிமிடத்தில் வருகிற கூட்டத்தை 30 நிமிடத்தில் வரச் செய்யுங்கள். ஒரு மாவட்டம் 10 மணிக்கு, அடுத்த மாவட்டம் 10.05க்கு என்று முறை வையுங்கள். நொடிக்கு 200 பேர் என்பது 33 பேராகக் குறையும். வேண்டிய கைகள் 286 அல்ல, 48! கடிகார முள்ளைக் கொஞ்சம் நகர்த்தியதற்கே ஆறில் ஐந்து பங்கு செலவு மிச்சம். தேர்வுக்கு வெவ்வேறு வினாத்தாள் வேண்டியிருக்கும் என்பது உண்மைதான்; ஆனால் பாடம் திறப்பதற்கும், படிவம் நிரப்புவதற்கும், முடிவு பார்ப்பதற்கும் என்ன தடை? 2020 டிசம்பரில் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பள்ளிகள் மூடியபோது, 'மெபிஸ்' என்ற அரசின் இணையக் கல்வி மேடை காலைக் கூட்டத்தைத் தாங்காமல் தடுமாறியது. அங்கேயும் கல்வித் துறை, வகுப்புகளை வெவ்வேறு நேரத்தில் தொடங்கும்படிதான் சொல்ல வேண்டி வந்தது. செல்வம் கொழிக்கும் நாட்டுக்கே அந்த நிலை. ஆகவே இது ஏழ்மையின் குற்றம் அல்ல, எண்ணாமையின் குற்றம்.

கூட்டம் தானாகவே பரவுகிற இடமும் உண்டு. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை எண்ணிப் பாருங்கள். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். உலகெங்கும் உள்ள தமிழர் இணையத்தில் தமிழ் படிக்க எழுந்த நிறுவனம். சிங்கப்பூரில் மாலை மயங்கும்போது கனடாவின் டொராண்டோவில் காலை விடிகிறது. ஒரே நேரத்தில் எல்லோரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. அங்கே கதிரவனே நேர அட்டவணை போட்டுக் கொடுக்கிறான். இங்கே, ஒரே கதிரவனின் கீழ், ஒரே மணியோசைக்கு எழும் நமக்கு, மனிதர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்வோம். துறைமுகக் கையேடு, ஒரு பெர்த்துக்கு 40 பங்கு, பத்துப் பெர்த்துக்கு 70 பங்கு என்றதே, ஏன்? தனியாக நிற்கிறவன் பாதி நேரம் சும்மா நின்றால்தான் சமாளிப்பான். பத்துப் பேர் சேர்ந்து ஒரே வரிசைக்கு வேலை செய்தால், ஒருவன் களைத்தபோது இன்னொருவன் தாங்குவான். ஆகவே துறைக்கு ஒரு சர்வர், தேர்வுக்கு ஒரு சர்வர் என்று சிறுசிறு பெட்டிகளைச் சிதறவிட்டு, ஒன்று திணறும்போது மற்றொன்று தூங்குவதைவிட, சேர்த்து வைப்பது சிக்கனம். வேண்டும் நாளில் மணிக்கணக்கில் வாடகைக்குச் சர்வர் எடுக்கும் வழியும் இன்று இருக்கிறது. கூடி வேலை செய்தால் குறைந்த கை போதும் என்பது தொழிலாளிக்குத் தெரிந்த நீதி. கணக்கும் அதையே சொல்கிறது!

ஆனால் தோழர்களே, எல்லாப் பழியையும் சர்வர் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவக் கூடாது. பழைய துறையில், கப்பல் எவ்வளவு பெரிதானாலும், தோணி எத்தனையோ அத்தனை சரக்குதான் கரை சேரும். அதுபோல, 286 கைகள் அங்கே இருந்தும், நம் தெருவுக்கு வரும் அலைவரிசை ஒற்றைத் தோணியாக இருந்தால், பிள்ளை காத்துத்தான் இருக்கும். அதனால் பாடத்தின் எடையையும் குறைக்க வேண்டும். எழுத்தில் சொல்ல முடிந்ததைப் படமாக்கி, படத்தில் சொல்ல முடிந்ததைக் காணொளியாக்கி, ஏழையின் தோணியில் ஏற்றுவது ஏன்?

வீட்டுக்குள்ளேயும் வரிசை உண்டு. மூன்று பிள்ளைகள், ஒரு கைபேசி. அதையும் தகப்பன் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறான். 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று சொன்னது என்ன? இந்திய ஊரகத்தில் 100 வீட்டில் 4 வீட்டில்தான் கணினி. இணைய வசதி, ஊரகத்தில் 100க்கு ஏறத்தாழ 15 வீடு. நகரத்தில் 42 வீடு. இரண்டே ஆண்டில் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 'இணையத்தில் படி' என்றார்கள். கைபேசி இல்லாத பிள்ளை எந்த வரிசையிலும் நிற்கவில்லை. வரிசையின் வாலைக்கூட அது பார்க்கவில்லை!

2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அப்போது கைகொடுத்தது. அதன் பெருமை என்ன? தொலைக்காட்சிக்கு வரிசை இல்லை. ஒரு பிள்ளை பார்ப்பதால் இன்னொரு பிள்ளை காத்திருக்க நேர்வதில்லை. 100 பேர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் ஒரே ஒளிபரப்பு. அதன் குறை என்ன? 'ஐயா, புரியவில்லை' என்று பிள்ளை சொன்னால் அதற்குக் காது இல்லை. தேர்வு வைக்கவும் முடியாது. ஆகவே சொல்லிக்கொடுப்பதை ஒளிபரப்பிலும், முன்கூட்டியே இறக்கி வைத்த பாடத்திலும் விட்டுவிட்டு, கேள்விக்கும் தேர்வுக்கும் மட்டும் சர்வரைப் பயன்படுத்தினால், வரிசையே பாதியாகக் குறையுமே! இதற்குப் பெரும் பணம் வேண்டாம். பிள்ளையின் பக்கம் நின்று யோசிக்கும் மனம் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, கணக்கு. இணைய வழியில் பாடமோ தேர்வோ நடத்துகிற எவராக இருந்தாலும், அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், மணி அடிக்கும் முன்னே நாட்டுக்குச் சொல்லட்டும்.

எத்தனை பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள்? சராசரி வேண்டாம், உச்சத்தைச் சொல்லுங்கள். உங்களிடம் கைகள் எத்தனை? மூச்சுவிட எத்தனை பங்கு மிச்சம் வைத்தீர்கள்? ஒத்திகை பார்த்தீர்களா? 2020 செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை இணைய வழியில் நடத்துமுன் மாதிரித் தேர்வு ஒன்று வைத்தது. ஒத்திகை இல்லாமல் நாடகமே போடுவதில்லை நாம். பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் ஒத்திகை இல்லாமல் மேடையேற்றலாமா?

எவ்வளவு முயன்றும் வரிசை நீண்டுவிட்டதா? நீளட்டும். உனக்கு முன்னே இத்தனை பேர் என்று எண்ணைக் காட்டுங்கள்; பிள்ளை பதறி அழுத்தாது. தேர்வுக் கடிகாரம், சுவரில் மணி அடித்த நொடியிலிருந்து அல்ல, அந்தப் பிள்ளையின் திரையில் வினாத்தாள் திறந்த நொடியிலிருந்து ஓடட்டும். கப்பல் காத்து நின்றால் அதற்கு நாள் கணக்குப் போட்டு, யார் பொறுப்பு என்று பார்த்துப் பணம் கேட்கிறார்கள். பிள்ளை காத்து நின்ற 20 நிமிடத்துக்கு யார் பொறுப்பு? இரும்புக் கப்பலுக்கு இருக்கும் உரிமை இரத்தமும் சதையுமான பிள்ளைக்கு இல்லையா?

தேர்வு முடிந்த பிறகும் ஒரு கடமை உண்டு. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் காத்தார்கள், எத்தனை பேர் காத்துச் சலித்துத் திரும்பினார்கள் என்று வெளியிடுங்கள். இயந்திரம் ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருக்கும், அது மறப்பதில்லை. மறைப்பவர் மனிதர்தாம். அந்தக் கடைசி எண், திரும்பிப் போனவர் எண், அதுதான் நமக்கு முக்கியம். காத்திருக்க வசதி உள்ளவன் காத்திருப்பான். நாள்தோறும் அளந்து வாங்கிய இணையம் தீர்ந்து போகிறவன்தான் திரும்பிப் போவான். அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அந்தத் துறைமுகத் தோழருக்கு இந்தக் கணக்கை ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் போட்டுக் காட்டினோம். 2 கை, 286 கை, 48 கை. நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ இது முன்னாலேயே தெரியும்ங்கீங்களா அண்ணாச்சி?"

தெரியும், தோழரே. தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகளிடம் காட்டப் போவதாகச் சொன்னார். 'எங்க நேரம்' என்ற சொல்லை இரண்டாம் முறை அவர் சொல்லவில்லை. அடுத்த முறை அந்த வட்டம் சுற்றும்போது, அந்த வீட்டிலிருந்து ஒரு கேள்வி புறப்படும். வீட்டுக்கு வீடு அந்தக் கேள்வி புறப்படட்டும்: 'எத்தனை பேர் வருவோம் என்று எண்ணினீர்கள்? எத்தனை கை வைத்தீர்கள்?'